சும்மா இருந்த அட்டைகள்

போன மாதம் ஒரு ராத்திரி பலத்த காற்று. தெருமுனை வேப்பமரத்தின் கிளை முறிந்து மின்கம்பிகள் மேல் விழுந்தது. கரண்ட் அடியோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்துவிட்டது. எங்கள் வீட்டில் லைட்டெல்லாம் மங்கி, ஃபேன் நொண்டி நொண்டிச் சுற்றியது. எதிர்வரிசையில் ரிட்டயர்டு தாசில்தார் வீட்டில் லைட் பளீரென்று எரிந்தது, டிவியிலிருந்து புகை வந்தது. அவர் எழுந்துபோய் மெயினை அணைப்பதற்குள் ஃபிரிட்ஜும் போய்விட்டது.

மறுநாள் காலை லைன்மேன் கம்பத்தில் ஏறிச் சரிசெய்துகொண்டிருந்தபோது தாசில்தார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்க வீட்ல ரெண்டு ஏ.சி. ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் ஒரு லைட்டும் டிவியும்தான் போட்டிருந்தேன். சிக்கனமா இருந்த என் வீட்ல எல்லாம் போச்சு, உங்க வீட்ல ஒண்ணும் ஆகல. இது என்ன சார் நியாயம்?"

தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு நடுவே சுமார் 400. அவர் வீடு ஒரு பேஸ், என் வீடு இன்னொன்று. நியூட்ரல் இருக்கும்வரை அவரவர் 230 அவரவருக்கு. அது அறுந்ததும் இரண்டு வீடும் சீரியல் செட் பல்பு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகி, அந்த 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாக விழாது. அதிகம் இழுக்கிற வீட்டுக்குக் குறைந்த வோல்ட். கொஞ்சமாக இழுக்கிற வீட்டின் தலையில் மிச்சம் முழுவதும்.

"அப்ப சும்மா இருந்தவனுக்குத்தான் அடியா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். காபி ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அதே வாக்கியத்தை, கிட்டத்தட்ட அதே சொற்களில், 2000-ஆம் ஆண்டு பெங்களூரில் ஒரு மீட்டிங்கில் நான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த மீட்டிங்கைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும்.

நான் சிப் வடிவமைப்பில் இருந்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "என்ன சிப்? கம்ப்யூட்டர் சிப்பா?" என்று கேட்பவர்களுக்கு "ஆமாம்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உண்மையில் நான் பார்த்தது சிப்பின் ஓரம் மட்டும். சிப்பின் நடுவே கணக்குப் போடுகிற லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்களை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். அவை போட்ட கணக்கை வெளியே இருக்கிற கம்பிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அவுட்புட் சர்க்யூட்தான் என் வேலை. வீட்டில் யார் எப்படி இருந்தாலும், வாசலில் நிற்கிறவன்தான் வெயிலையும் மழையையும் பிச்சைக்காரனையும் கடன்காரனையும் பார்க்கிறான். அந்த வாசல்காரன் வேலை.

1990-களில் இந்த வாசலில் ஒரு பெரிய சங்கடம் வந்தது. 1960-களில் 74 வரிசை ஐ.சி.க்கள் வந்ததிலிருந்து உலகம் முழுக்க 5 வோல்ட்தான் வழக்கம். ரேடியோ ரிப்பேர் கடைக்காரருக்கும் அது தெரியும். ஆனால் டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க அதற்கு 5 வோல்ட் தாங்கவில்லை. 1993-இல் வந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது. அடுத்த வருஷமே வந்த இரண்டாவது வகை 3.3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. சிப் இறங்கிவிட்டது, ஆனால் அதைச் சுற்றியிருந்த பழைய கருவிகள் இறங்கவில்லை. தொலைபேசி இணைப்பகங்களிலும் ஆலைகளிலும் கோடிக்கணக்கில் போட்டு வைத்திருந்த 5 வோல்ட் அட்டைகளை யார் தூக்கிப் போடுவார்கள்? ஆகவே உள்ளே 3.3 வோல்ட் டிரான்சிஸ்டர், வெளியே 5 வோல்ட் சப்ளை. நடுவில் நாங்கள்.

ஏன் தாங்காது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். டிரான்சிஸ்டரை வாய்க்கால் மதகு என்று நினைத்துக்கொள்ளுங்கள். மதகுப் பலகைக்கு கேட் என்று பெயர். ஒரு வித்தியாசம், இந்தப் பலகை தண்ணீரைத் தொடவே தொடாது. இரண்டுக்கும் நடுவே கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கு ஆக்சைடு என்று சொல்வோம். நாங்கள் வேலை செய்த 0.35 மைக்ரான் முறையில் அதன் கனம் சுமார் 7 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் கனத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்தப் படலம் ஒரு நானோமீட்டருக்குச் சுமார் ஒரு வோல்ட் வரை உடனே உடையாமல் நிற்கும். அதாவது 7 வோல்ட் கொடுத்தால் அப்போதே போய்விடும். 5 வோல்ட் கொடுத்தால் அப்போதே போகாது, அதில்தான் வம்பே. இன்றைக்கு நன்றாக வேலை செய்யும். நாளைக்கும் செய்யும். சோதனைச் சாலையில் தேறிவிடும். உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஏதோ ஒரு நாள் பொத்துக்கொள்ளும். 3.3 வோல்ட்டில் பல வருஷம் வரக்கூடியது, 5 வோல்ட்டில் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. படலம் எங்கே கொஞ்சம் மெலிந்திருக்கிறதோ அந்த சிப் முதலில் போகும்.

கனமான ஆக்சைடு உள்ள டிரான்சிஸ்டரையும் அதே சிப்பில் செய்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். பிற்காலத்தில் அதுவே சாதாரணமாகிவிட்டது. ஆனால் அதற்கு மாஸ்க் கூடுதல், பக்குவம் கூடுதல், பணம் கூடுதல். எங்களுக்குக் கிடைத்த முறையில் அது இல்லை. இருக்கிற மெல்லிய ஆட்களை வைத்துக்கொண்டே கனமான மூட்டையைத் தூக்க வேண்டும்.

வழி, பழைய சீரியல் செட்தான். கோயில் திருவிழாவில் ஆறு வோல்ட் பல்புகளை நாற்பது வரிசையாகக் கோத்து 230-இல் செருகுவார்கள் இல்லையா, அதுபோல ஒரு டிரான்சிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டை அடுக்கிவிடுவது. வெளிக்கம்பியைக் கீழே பூமிக்கு இழுப்பதற்கு இரண்டு, மேலே 5 வோல்ட்டுக்கு இழுப்பதற்கு இரண்டு. ஆக நான்கு.

இதில் அழகு எங்கே என்றால், இரண்டில் ஒன்றுதான் வேலை செய்கிற மாதிரி தெரியும். கீழ்ப்பக்க ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியை ஒட்டியிருக்கிற கீழ் டிரான்சிஸ்டரின் கேட் 0-க்கும் 3.3-க்கும் நடுவே மேலும் கீழும் போய், திறந்து மூடுகிறது. அதற்கு மேலே வெளிக்கம்பியை ஒட்டியிருக்கிறவன் எதுவும் செய்வதில்லை. அவன் கேட்டை நிரந்தரமாக 3.3 வோல்ட்டில் கட்டிப் போட்டிருப்போம். வெளிக்கம்பி 5 வோல்ட்டுக்கு ஏறும்போது இவன் வழியாகக் கீழே எவ்வளவு இறங்கும்? தன் கேட்டைவிட சுமார் 0.7 வோல்ட் குறைவாக இருக்கிறவரைதான் இவன் விடுவான். ஆக நடுப்புள்ளி 2.6 வோல்ட்டில் நின்றுவிடும். கீழே இருக்கிறவனுக்கு 2.6. மேலே இருக்கிறவனுக்கு 5-லிருந்து 2.6 போக 2.4. அவன் ஆக்சைடின் மேல் விழுவது 5-லிருந்து 3.3 போக 1.7. எல்லாமே 3.3-க்குள். பாக்கெட்டில் இருக்கிற பேப்பரில் போடக்கூடிய கணக்கு. நான் முதல் தடவை இதைப் புரிந்துகொண்ட நாள் கையில் கடுதாசியோடு சிரித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

மேல்ப்பக்க ஜோடி இதன் கண்ணாடிப் பிம்பம். அங்கே கட்டிப் போடவேண்டிய வோல்ட் 5-லிருந்து 3.3 கீழே, அதாவது 1.7. அது கையில் இல்லாத வோல்ட். ஆகையால் 5 வோல்ட் சப்ளையிலிருந்தே சின்னச் சின்ன டிரான்சிஸ்டர்களை ஏணிப்படி மாதிரி அடுக்கி, வகுத்து எடுத்துக்கொண்டோம். கீழ்ப்பக்கத்துக்கு அந்தச் சிரமம் வேண்டியிருக்கவில்லை. 3.3 வோல்ட்தான் சிப்புக்குள் தயாராக ஓடிக்கொண்டிருக்கிறதே, ஒரு கம்பியை இழுத்துக் கட்டினால் போதும். இலவசம். இந்த "இலவசம்" என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1998-இல் இந்த சிப்பைச் செய்தபோது எங்கள் குழுவில் நாலு பேர். கடைசியாகச் சேர்ந்தவள் ஒரு பெண். கோயம்புத்தூரில் பி.இ. முடித்துவிட்டு வந்தவள். அதிகம் பேசமாட்டாள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது ஸ்பைஸ் சிமுலேஷனை ஓட விட்டுவிட்டு, காலையில் முதல் ஆளாக வந்து பார்ப்பாள். ஒரு நாள் காலை பிரிண்ட் எடுத்த தாள்களோடு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், நிக்கும்போது நீங்க போட்ட கணக்கு சரி. மாறும்போது சரியா வரல."

பார்த்தேன். வெளிக்கம்பி 5-இல் இருக்கிறது. கீழ் டிரான்சிஸ்டர் திடீரென்று திறக்கிறது. நடுப்புள்ளி ஒரு நானோ செகண்டுக்குள் பூமிக்குச் சரிந்துவிடுகிறது. ஆனால் வெளிக்கம்பியில் பலகையின் பாரம் இருக்கிறது, அது இறங்க இரண்டு மூன்று நானோ செகண்டு ஆகிறது. அந்த இடைவெளியில் மேலே இருக்கிறவனின் தலையில் கிட்டத்தட்ட முழு 5 வோல்ட், அதுவும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது. எலக்ட்ரான்கள் வேகம் பிடித்து ஆக்சைடுக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். நிற்கிற பாரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்த நான், பாரம் கைமாறுகிற நொடியில் ஒருவன் தனியாகத் தாங்குகிறான் என்பதைப் பார்க்கவில்லை.

மேலே இருக்கிறவனின் நீளத்தை 0.35-லிருந்து 0.6 மைக்ரானுக்குக் கூட்டினோம். கீழே இருக்கிறவனைச் சற்று நிதானமாகத் திறக்க வைத்தோம். வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆபத்து நீங்கியது. அவளைக் குழுவின் முன்னால் பாராட்டினேன். இதை எழுதக் காரணம், நான் எல்லாச் சமயத்திலும் அப்படிப்பட்ட ஆளாக இருக்கவில்லை என்பதற்குத்தான்.

கடைசி ரிவ்யூ மீட்டிங் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். மறுவாரம் டிசைனை ஃபேப்புக்கு அனுப்பியாக வேண்டும். ஊருக்குப் போக ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் வேறு எடுத்திருந்தேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்து முடித்து, ஃபைலை மூடப் போகும்போது அவள் கேட்டாள்.

"சார், 5 வோல்ட் வந்துட்டு 3.3 வரலைன்னா?"

"ரெண்டும் சேர்ந்துதாம்மா வரும். ஸ்பெசிஃபிகேஷன்ல போட்டிருக்கு" என்று சொன்னேன். அப்படித்தான் என் ஞாபகம். உண்மையிலேயே போட்டிருந்தது. இரண்டு சப்ளையும் ஒன்றுக்கொன்று சில மில்லிசெகண்டுக்குள் வரும் என்று ஒரு வரி. யாரும் பொய் சொல்லவில்லை. மீட்டிங் குறிப்பை டைப் செய்தது நான். அந்தக் கேள்வியை அதில் சேர்க்கவில்லை. வேண்டுமென்று விடவில்லை, பதில் சொல்லி முடிந்துபோன கேள்வி என்று நினைத்தேன்.

சிப் வந்தது. முதல் தடவையே வேலை செய்தது. எங்கள் தொழிலில் அது கல்யாணத்தில் மழை பெய்யாமல் இருந்த மாதிரி. வாடிக்கையாளர் வெளிநாட்டுக்காரர், தொலைபேசி இணைப்பகக் கருவிகள் செய்பவர். அவர்கள் ரேக் ஒன்றில் வரிசையாக அட்டைகள் செருகியிருக்கும், ஒவ்வொரு அட்டையிலும் எங்கள் சிப்.

ஒரு வருஷத்துக்கும் மேல் சத்தமில்லை. பிறகு ஒரு அட்டை திரும்பி வந்தது. பிறகு நாலு. பிறகு ஒரு பெட்டி.

முதலில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். ஃபேப்பில் அந்த வாரம் ஆக்சைடு சரியாக வளரவில்லையோ, ஏற்றியவர்கள் கையில் ஸ்டாட்டிக் இருந்ததோ, மின்னலோ. சிப்பின் மூடியை ஆசிட்டில் கரைத்துத் திறந்து, கரண்ட் கொடுத்து, இருட்டில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படம் எடுப்பார்கள். ஆக்சைடு பொத்திருக்கும் இடத்தில் ஒரு துளி வெளிச்சம் தெரியும். அந்தப் படங்கள் வந்தன. பத்துப் படங்களிலும் வெளிச்சம் ஒரே இடத்தில், கீழ்ப்பக்க ஜோடியில் மேலே இருப்பவன். கேட்டைக் கட்டிப் போட்டு, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நாங்கள் உட்கார வைத்திருந்தவன்.

அதைவிட விசித்திரம் இன்னொன்று. திரும்பி வந்த அட்டைகளின் சரித்திரத்தை வாடிக்கையாளர் அனுப்பியிருந்தார். ராவும் பகலும் ஆயிரக்கணக்கான அழைப்புகளைச் சுமந்த அட்டைகளில் ஒன்றுகூடப் போகவில்லை. போனவை அத்தனையும் ஸ்பேர் அட்டைகள். ஏதாவது பழுதானால் கைகொடுக்கட்டும் என்று ரேக்கின் கடைசியில் செருகி வைத்து, ஒரு நாள்கூட வேலை செய்யாதவை. தேவைப்பட்டபோது எழுப்பினார்கள், எழுந்திருக்கவில்லை.

அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அடிவயிற்றில் ஏதோ சில்லென்றது. வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். ஸ்பேர் அட்டைக்கு எந்தெந்த சப்ளை போகிறது? மறுநாள் பதில். சூடும் மின்செலவும் குறைய, ஸ்பேர் அட்டையில் 3.3 வோல்ட் கன்வெர்ட்டரை அணைத்து வைப்போம். 5 வோல்ட் ரேக்கின் பொதுச் சப்ளை, அது எப்போதும் இருக்கும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிக்கம்பி ரேக்கின் பொதுக்கம்பியோடு சேர்ந்து 5 வோல்ட்டில். 3.3 வோல்ட் அணைந்துவிட்டால், அந்த இலவசக் கம்பியில் கட்டிய கேட் பூமிக்கு இறங்கிவிடுகிறது. ஆக்சைடின் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 0. ஒரு மில்லிசெகண்டுக்கோ ஒரு மணி நேரத்துக்கோ இல்லை. மாதக்கணக்கில், இடைவிடாமல். மேல்ப்பக்க ஜோடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் 1.7 வோல்ட்டை 5-லிருந்தே வகுத்து எடுத்ததால் அது எப்போதும் உயிரோடு இருந்தது. சிரமப்பட்டுச் செய்த பக்கம் பிழைத்தது. இலவசமாகக் கிடைத்த பக்கம் போயிற்று. எங்கள் தெருவில் அறுந்த நியூட்ரல் மாதிரிதான். பங்கு போடுகிற நடுவன் நிற்கும்வரை எல்லோருக்கும் அளவான பாரம்.

அந்தப் பெண்ணின் கேள்வி எனக்கு அப்போதே ஞாபகம் வந்துவிட்டது. பிறகு வந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். அது உண்மை இல்லை.

இரண்டு நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு டெலிபோன் மீட்டிங். மேஜை நடுவே ஸ்பீக்கர் போன். அந்தப் பக்கம் வாடிக்கையாளரின் ஆட்கள் ஐந்தாறு பேர், இந்தப் பக்கம் எங்கள் மேலதிகாரி, நான், குழுவினர். நான் காரணத்தை விளக்கினேன். சும்மா இருந்ததற்குத்தான் அடி விழுந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன், அந்தப் பக்கம் யாரோ லேசாகச் சிரித்தார்கள். விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிறகு ஒருவர் கேட்டார். வடிவமைக்கும்போது இந்த நிலை யோசிக்கப்பட்டதா?

"இந்த நிலை எங்கள் கவனத்துக்கு வரவில்லை" என்றேன்.

எனக்கு இடதுபுறம் மூன்றாவது நாற்காலியில் அவள் இருந்தாள். நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. மேலதிகாரி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கவனத்துக்கு வந்தது, நான் தள்ளிவிட்டேன் என்று சொன்னால் நஷ்ட ஈடு என்று ஆரம்பிப்பார்களோ என்று பயந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் மறுநாள் காலை என் மேலதிகாரியின் அறையில், கதவை மூடிக்கொண்டு, வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோது சொல்லியிருக்கலாமே. அதையும் செய்யவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த பதவிக்கு என் பெயர் ஓடிக்கொண்டிருந்தது.

சர்க்யூட்டைச் சரிசெய்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. கீழ்ப்பக்கத்துக்கும் 5 வோல்ட்டிலிருந்தே ஒரு ஏணி. 3.3 இருந்தால் கேட் அதையே எடுத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ஏணியிலிருந்து சுமார் 2.7 வோல்ட் வந்து உட்காரும். சப்ளை பத்து சதவீதம் ஏறி 5.5 ஆனாலும் ஆக்சைடின் மேல் 3 வோல்ட்டைத் தாண்டாது. ஏணியில் எப்போதும் சில மைக்ரோ ஆம்பியர் கசியும், அதுதான் விலை. சிப்பின் மூலைகளில் எதற்கும் இருக்கட்டும் என்று உதிரி டிரான்சிஸ்டர்கள் போட்டு வைத்திருந்தோம். அவற்றை இணைத்துக்கொண்டதால் உலோக அடுக்கு மாஸ்க்குகளை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. அந்தத் திருத்தத்தை முழுக்க முழுக்கச் செய்தது அவள்தான். மூன்று வாரத்தில் முடித்தாள். ஒரு தடவைகூட "அன்னிக்கே கேட்டேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் எங்கள் குழுவிலிருந்து ஒருவரை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வருஷம் அனுப்புவதாக இருந்தது. மேலதிகாரி வேறொரு பையனை அனுப்பினார். நல்ல பையன்தான், ஆனால் இந்த சிப்பில் அவன் கை வைத்ததே இல்லை. அந்த ரிவ்யூவில் யார் என்ன கேட்டார்கள் என்று தெரிந்திருந்தால் மேலதிகாரி வேறு மாதிரி முடிவு செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் கருத்துக் கேட்டபோது "ரெண்டு பேருமே நல்லா செய்வாங்க" என்றேன். ஆறு மாதத்தில் அவள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டாள். பிரிவு உபசாரத்துக்கு நான்தான் பேசினேன். சாக்லெட் கேக்.

எங்கள் ரிவ்யூக்களுக்கு ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. அதில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். எந்த சப்ளை முதலில் வரும், எது இல்லாமல் எது எவ்வளவு நேரம் இருக்கும். நான் ஓய்வு பெறும்போதும் அந்த வரி இருந்தது. யார் கேட்ட கேள்வி என்று அங்கே யாருக்கும் தெரியாது.

தாசில்தார் கேட்டுவிட்டுப் போன அன்று மத்தியானம், பழைய நண்பர் ஒருவரிடம் அவள் நம்பரை வாங்கினேன். மூன்று நாள் கையில் வைத்திருந்தேன். நாலாம் நாள் கூப்பிட்டேன். உடனே குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். ஐம்பதை நெருங்கிவிட்டாளாம், பையன் காலேஜ் போகிறானாம். இப்போது ஒரு பெரிய குழுவுக்குத் தலைவி. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். நீ அன்று கேட்டாய், நான் ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கிறது என்று வாயை அடைத்தேன், பிறகு கவனத்துக்கு வரவில்லை என்று சொன்னேன், அது தப்பு.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சார், நீங்க ஸ்பெசிஃபிகேஷன்னு சொல்லல" என்றாள். "'அது கஸ்டமர் தலைவலிம்மா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு'ன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

நான் அதைச் சுத்தமாக மறந்திருந்தேன். ஸ்பெசிஃபிகேஷன் பதிலை எப்போது நானே கட்டிக்கொண்டேன் என்று தெரியவில்லை.

"அந்த டெலிபோன் மீட்டிங்குக்கு அப்புறம் ஒரு வாரம் தூக்கம் வரல சார். நான் கேட்டதே நிஜமா, இல்ல நானா நினைச்சுக்கிட்டேனான்னு சந்தேகம் வந்துடுச்சு. மினிட்ஸ எடுத்துப் பார்த்தேன். அதுலயும் இல்ல."

"தப்பும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"சரி சார்" என்றாள். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அவளே பேச்சை மாற்றி, இப்போது அவர்கள் 1.8 வோல்ட் டிரான்சிஸ்டரை வைத்து 3.3 வோல்ட் அவுட்புட் செய்வதைப் பற்றிச் சொன்னாள். அதே நாலு பேர், அதே அடுக்கு, எண்கள்தான் வேறு. நடுவில் கட்டிப் போடுகிற கேட்டுக்கு எங்கிருந்து வோல்ட் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "மேல் சப்ளைலேர்ந்துதான் சார், வேற எங்கேர்ந்து" என்றாள். அவளுடைய மீட்டிங்குகளில் சின்னப் பசங்கள் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றையும், பதில் சொல்லி முடிந்துபோனதையும்கூட, பெயர் போட்டு மினிட்ஸில் ஏற்றச் சொல்வாளாம். "நிறைய பேப்பர் ஆகுது சார், திட்டுறாங்க" என்றாள்.

நேற்று தாசில்தார் புது டிவி வாங்கிவிட்டார். வோல்ட் ஏறினால் தானாகத் துண்டிக்கிற பெட்டி ஒன்றையும் மெயினுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன், சரியாகத்தான் மாட்டியிருக்கிறான் எலக்ட்ரீஷியன்.